தோட்டத்து வைத்தியமும் நாற்பது வயதுப் பெண்ணும்

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் கூலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குடியுரிமை, லயம், தொழிற்சங்கம் ஆகியவற்றைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அவர்கள் மறந்துவிடவில்லை. அவள் பிள்ளை பெற்றது, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது, ஆணைவிடக் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தது எல்லாம் பதிவாகியுள்ளன. ஆனால் பிள்ளை பெறும் காலம் முடிந்து, அல்லது முடியவேண்டிய வயதுக்கு முன்பே முடிந்து, உடம்பு பிடி கொடுக்காமல் மாறத் தொடங்கும் அந்த நாற்பது வயதுப் பெண்ணை நான் படித்த எந்த நூலிலும் சந்தித்ததில்லை. இக்கட்டுரை அவளைப் பற்றியது.

முதலில் வைத்தியம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிற்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னால் சில ஆண்டுகள் நீளும் ஒரு மாறுகாலம் உண்டு. நாள் தப்பி வரும். இரண்டு மாதம் வராமல் மூன்றாம் மாதம் வெள்ளமாய்ப் போகும். உடம்பு திடீரெனக் கொதிக்கும். இரவில் உடுப்பு நனைய வியர்க்கும். உறக்கம் கெடும், மூட்டு வலிக்கும், நெஞ்சு படபடக்கும், காரணமின்றி அழுகை வரும், அடுப்பில் வைத்தது மறந்துபோகும். சிலருக்கு இது முப்பதுகளின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. 45க்கு முன் மாதவிடாய் நின்றால் அது முந்திய நிறுத்தம். 40க்கு முன் சூலகங்கள் செயல் குன்றினால் அது தனியாகக் கவனிக்கப்படவேண்டிய நோய்நிலை. நூறு பெண்களில் ஒருவருக்கு அப்படி நேர்வதாக நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் கூறிவந்தன. 2024இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிகள் அதனை 3.5 சதவீதம் என்று திருத்தின.

முந்தி நிற்பதை ஒரு தொல்லை முந்தி வந்து முந்திப் போவதாக நினைப்பவர்கள் உண்டு. மாதத் துணி துவைக்கும் வேலை மிச்சம் என்று சிரித்த பெண்களையும் நான் அறிவேன். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் குறையும்போது எலும்பின் அடர்த்தி குறைகிறது; இரத்தக் குழாய்களுக்கு அதனால் கிடைத்த பாதுகாப்பும் குறைகிறது. 51இல் நிற்பவளைவிட 41இல் நிற்பவளுக்கு எலும்பு தேயப் பத்து ஆண்டுகள் அதிகமாகக் கிடைக்கின்றன. மழையில் வழுக்கும் செங்குத்தான மலையில், கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிற ஒருத்திக்கு இது என்ன பொருள் தரும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தை, மாசிப் பனியில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவுக்குள், மாமியாரும் கணவனும் வளர்ந்த பிள்ளைகளும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, ஒருத்தி மட்டும் கம்பளியை உதறிவிட்டு வியர்வையோடு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "நெருப்பு உள்ள இருந்து கொளுத்துதுங்க அம்மா. ஆருகிட்ட சொல்றது? பேய் புடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க." அவருக்கு அப்போது வயது 40. அதற்கு முந்திய ஓராண்டில் மூன்று தடவை தோட்ட டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். மூன்று தடவையும் கிடைத்தது பனடோல்.

ஏன் பனடோல்? மருந்து கொடுத்தவரின் கல்நெஞ்சத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அது வரலாறாகாது. தோட்டத்துக்குள் வைத்தியம் எப்படி வந்தது, எதற்காக வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

1820களில் கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே புதைந்தார்கள். இருநூறாவது ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து போனது அந்த வழியில்தான். கோப்பிக்கு வேலை பருவகாலத்தில் மட்டுமே. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். பறிப்பது பெண்ணின் வேலையாயிற்று. குடும்பமாக வந்து குடும்பமாகத் தங்கும் தொழிலாளர் கூட்டம் தேவைப்பட்டது. பெண்ணின் கையும் கருப்பையும் ஒருசேரத் தோட்டத்தின் கணக்குக்குள் வந்தது அப்போதுதான்.

தோட்டத் தொழிலாளருக்கான வைத்தியச் சட்டம் 1872இல் வந்தது. மலைநாட்டை வைத்தியப் பிரிவுகளாக வகுத்து, செலவில் ஒரு பங்கைத் தோட்டத்துரைமார் ஏற்கவேண்டும் என்று அது விதித்தது. அது பலமுறை திருத்தப்பட்டு, 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டமாக உருப்பெற்றது. தோட்டத்துரையின் கடமைகளை அச்சட்டம் வரிசைப்படுத்துகிறது. லயங்களைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். நோயுற்றோரை அறிந்து உதவவேண்டும். கடுமையான நோய் என்றால் பிரிவு வைத்தியரை அழைக்கவேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் இடமும் கொடுத்து, அந்த மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்காதிருக்கவேண்டும். பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கவனிக்கவேண்டும்.

அக்காலத்துக்கு இது சிறிய காரியமன்று. ஆனால் பேராதனையில் கலைப்பட்டத்துக்காக வரலாறு படித்த நாட்களில் இந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குப் படாத ஒன்று இப்போது படுகிறது. அதில் பெண் என்று தனியாக ஒருத்தி வருவது ஒரே ஓரிடத்தில்தான்: பிள்ளை பெறும்போது. மற்ற இடங்களிலெல்லாம் அவள் தொழிலாளி. நோயுற்ற தொழிலாளி, இறந்த தொழிலாளி. பிள்ளை பெறாத, சாகாத, ஆனால் உடம்புக்கு முடியாத ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

பின்னர் வந்தவையும் அதே தடத்தில் சென்றன. 1916இல் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அப்புழு இரத்தத்தைக் குடித்து ஆளைச் சோகை ஆக்கியது. சோகை பிடித்தவர் வேலை செய்ய முடியாது. ஆகவே அது தோட்டத்துரைமாரின் கவலையுமாயிற்று. 1939இல் மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. பேறுகாலத்தைப் பாதுகாத்தது. இலங்கை இன்று தென்னாசியாவில் மகப்பேற்று மரணம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று என்றால், இத்தகைய சட்டங்களும், லயத்துக்கு லயம் நடந்து திரிந்த குடும்பநல மாதர்களும் அதற்குக் காரணம். அப்பெருமையை நான் குறைக்கவில்லை. பிரசவத்தோடு அந்தக் கவனிப்பு முடிந்துவிட்டது என்பதே என் குறை.

தோட்ட டிஸ்பென்சரிக்கு மருந்து கொடுப்பதோடு இன்னொரு தொழிலும் இருந்தது. இன்னார் இன்று வேலைக்கு வரமுடியாது என்று சீட்டெழுதும் அதிகாரம் அதனிடம் இருந்தது. பட்டம் பெற்ற டொக்டர் தோட்டத்தில் இருப்பதில்லை; தோட்ட வைத்திய உதவியாளர்தான் இருப்பார். அவர் தோட்டத்துச் சம்பளக்காரர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் குறைந்தால் அவரையும் கேட்பார்கள். எனவே வரும் நோயாளியை முதலில் அவர் பார்ப்பது இவள் உண்மையில் நோயாளிதானா என்ற கண்ணோடு. காய்ச்சல் என்றால் வெப்பமானி சொல்லும். காயம் என்றால் இரத்தம் சொல்லும். உள்ளே கொளுத்துகிறது, உறக்கமில்லை, மனம் சரியில்லை என்பதற்கு என்ன சாட்சி இருக்கிறது? நூறாண்டுக்கு மேலாகப் பழகிய அந்தச் சந்தேகப் பார்வை, தோட்டம் கைமாறிய பிறகும், வைத்தியசாலை கைமாறிய பிறகும் மாறிவிடவில்லை.

சந்தேகத்துக்கு விலையும் உண்டு. ஒரு நாள் பறிக்கவேண்டிய அளவு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அதை எட்டாதவளுக்கு அரைப்பேர். காலை முதல் மாலை வரை மலையில் நின்றவளுக்குச் செக்ரோலில் பாதி நாள் மட்டும் விழும். 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்ற நிலை வந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோவும் கூடவே ஏறியது. மூட்டு வலியோடு, இரவுறக்கமின்றி, மலசலகூடம் இல்லாத மலையில் பெருக்கெடுக்கும் உதிரத்தைப் படங்குக்குள் மறைத்துக்கொண்டு நிற்கும் நாற்பது வயதுக்காரி, முப்பது வயதுக்காரியின் கிலோவைப் பறிக்கவேண்டும். முடியாவிட்டால் சோம்பேறி என்று பெயர், சம்பளமும் பாதி. ஊழியர் சேமலாப நிதியைப் பெண் எடுக்கக்கூடிய வயது 50. அதுவரை எப்படியாவது காலந்தள்ளவேண்டும்.

நாட்டின் பொது வைத்தியம் இவர்களை எட்ட ஏன் இத்தனை காலம் பிடித்தது என்ற கேள்விக்கு விடை அரசியலில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. வாக்கில்லாத இடத்துக்கு ஆஸ்பத்திரி கேட்க ஆளில்லை. கிராமங்களுக்கு இலவச வைத்தியம் பரவிய காலத்தில் தோட்டத்துச் சுகாதாரம் கம்பனிகளின் பொறுப்பிலேயே கிடந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் தொடங்கி, துண்டு துண்டாக நடந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்தது 2003இல். இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது 2017இல்.

இந்த ஆண்டுகளுக்கு நடுவே, நம் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு காலம் உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம். உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கியபோது, சொந்த நிலம் இல்லாத தோட்டத் தொழிலாளரே முதலில் பட்டினி கிடந்தார்கள். தோட்டங்களில் இறப்பு வீதமும் சிசு மரண வீதமும் திடீரென உயர்ந்தன. உயிரோடு மீண்டவர்களின் கதையைப் பட்டினிச் சாவு எண்ணிக்கையோடு நாம் முடித்துவிடுகிறோம். அது முடியவில்லை என்பதை அறிய வேறொரு நாட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944க்கும் 1945க்கும் இடையே, ஜெர்மானியரின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் ஆழ்ந்தது. அப்போது சிறுமிகளாக இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். சிறுவயதில், அதிலும் இரண்டு முதல் ஆறு வயதுக்குள், கடும் பட்டினி கண்டவர்களுக்கு மற்றவர்களைவிட முந்தி மாதவிடாய் நின்றிருந்தது. அந்தச் சிறு வயதினருக்கு வேறுபாடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இந்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. பட்டினி சில மாதங்களே நீடித்தது. அதன் சுவடு உடம்பில் ஐம்பது ஆண்டுகள் நின்றது.

நம் பஞ்சத்தில் இரண்டு வயது, ஆறு வயதுக் குழந்தைகளாக இருந்த மலையகப் பெண்கள் 2008 அளவில் நாற்பதை எட்டத் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் முடிவை அப்படியே தூக்கி ஹட்டனில் பொருத்துவது ஆராய்ச்சியாகாது. ஆனால் சில மாதப் பட்டினிக்கு அங்கே அவ்வளவு விளைவு என்றால், தலைமுறை தலைமுறையாகச் சோகையும் குறைநிறையும் தொடரும் ஓரிடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பது கடமை. பொகவந்தலாவைத் தாய் டிஸ்பென்சரியில் நின்றபோது, அவருடைய நாற்பது வயதுக்குப் பின்னால் ஒரு நாட்டின் உணவுக் கொள்கையும் நின்றிருக்கலாம்.

பெண்கள் தாங்களே ஒரு காரணம் சொல்கிறார்கள். "ஆப்ரேசன் பண்ணுனதுல இருந்துதாங்க" என்பார்கள். தோட்டப்புறத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் நெடுங்காலம் பெண்ணுக்குச் செய்யும் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சையே. 1980 முதல் அரசு அதற்கு ஊக்கப்பணமும் கொடுத்தது. வறிய பெண்ணுக்கு அந்தப் பணம் பெரிது. மாற்று வழிகளை யாரும் பொறுமையாக எடுத்துச் சொன்னதாகவும் அவர்கள் கூறுவதில்லை. வைத்தியரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் முட்டாள்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார். உண்மை நிலை இதுதான்: அந்தச் சத்திரசிகிச்சையில் கருக்குழாயை மட்டுமே கட்டுகிறார்கள், சூலகத்தைத் தொடுவதில்லை, அதனால் மாதவிடாய் முந்தி நிற்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. கருப்பையையே எடுத்துவிட்டால் நிலைமை வேறு. சூலகங்களை விட்டுவைத்தாலும் அவை சற்று முந்திச் செயலிழக்கக்கூடும். அவற்றையும் சேர்த்து எடுத்தால் அன்றே நிறுத்தம். இதைப் பத்து நிமிடத்தில் விளக்கியிருந்தால் அந்தப் பெண் புரிந்துகொண்டிருப்பாள். தன் உடம்பில் எப்போதோ, யார் சொல்லியோ நடந்த ஒன்றுக்கும் இப்போது நடப்பதற்கும் தொடர்பு தேடும் ஒருத்தியை முட்டாள் என்பது நியாயமன்று.

கருப்பையை எடுப்பது தொழிலுக்கு வசதி என்று ஆகிவிட்ட இடமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் செய்திகள் வெளியாயின. ஒரு நாள் வேலை தவறினால் ஒப்பந்தக்காரரின் அபராதம். மாதவிடாய்க் கோளாறுக்கு வைத்தியரிடம் போனால் கருப்பையை எடுத்துவிடும்படி அறிவுரை. அரசு நியமித்த குழு 82 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை விசாரித்தபோது, அவர்களில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தது தெரிந்தது. அவர்களில் பலர் முப்பதுகளில் இருந்தவர்கள். பீட் மாவட்டத்தில் வைத்தியம் மிகையாகச் செய்தது. நம் மலையில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இவள் நாளை வேலைக்கு வருவாளா?

தோட்டத்தை மட்டும் குற்றம் சொல்வதும் பொருந்தாது. வைத்தியக் கல்வியே இந்த விடயத்தில் பின்தங்கித்தான் இருந்தது. இந்நிலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரைப் பிரெஞ்சு வைத்தியர் சார்ல்ஸ் டி கார்டான் 1821இல் சூட்டினார். பெயர் கிடைத்து இருநூறு ஆண்டாகியும் அக்கறை கிடைக்கவில்லை. 2002இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, ஹோர்மோன் சிகிச்சை மார்பகப் புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் இடமளிக்கிறது என்று அறிவித்து இடையிலேயே நிறுத்தப்பட்டது. உலகமெங்கும் வைத்தியர்கள் அந்த மருந்தை எழுத அஞ்சினார்கள். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதை அச்சம் மறைத்துவிட்டது. நாற்பதில் நின்றவளின் நிலை வேறு. அவளுக்கு இயற்கையாக இருந்திருக்கவேண்டிய ஹோர்மோனையே, இயற்கையாக நின்றிருக்கும் வயது வரை ஈடு செய்கிறார்கள். தடையாக வேறு நோய் இல்லாவிட்டால் அதுவே பரிந்துரை. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அம்மருந்துகளின் உறையிலிருந்த மிகக் கடுமையான எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றுவிட்டன.

எனக்கு இது 42ஆம் வயதில் தொடங்கியது. கொழும்பில் நாளிதழ் வேலை. ஆங்கிலமும் சிங்களமும் தெரியும். தனியார் வைத்தியருக்குக் கொடுக்கப் பணமும் இருந்தது. முதல் வைத்தியர் இரவு வேலையைக் குறைக்கச் சொன்னார். இரண்டாமவர் மன அழுத்தம் என்று மாத்திரை எழுதினார். மூன்றாமவர்தான் கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்டார். அந்தக் கேள்வி வர எட்டு மாதங்களாயின. இதைச் சொல்வது என் குறையைப் பாடுவதற்காக இல்லை. எனக்கே மூன்றாவது வாசலில்தான் கதவு திறந்தது என்றால், அரைநாள் சம்பளத்தை இழந்து, பஸ் பிடித்து, பேசத் தெரியாத மொழியில் பேசும் வைத்தியர் முன் இரண்டு நிமிடம் நிற்கும் பெண்ணுக்கு எத்தனை வாசல் வேண்டும்? பல வைத்தியசாலைகளில் அவளுக்காகப் பேசுவது கூட வந்த மகனோ கணவனோ. மகன் முன்னிலையில் ஒரு தாய் உதிரப்போக்கைப் பற்றி என்ன சொல்லிவிடுவாள்? "உடம்புக்கு முடியலீங்க ஐயா" என்பதோடு நின்றுவிடுவாள். ஐயாவும் சத்து மாத்திரையோடு நின்றுவிடுவார்.

வைத்தியர்கள் கவனமாக இருக்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படபடப்பும் களைப்பும் சோகையாலும் வரும். தைரொயிட் கோளாறாலும் வரும். மிகையான உதிரப்போக்குக்குக் கருப்பைக் கட்டியோ புற்றுநோயோ காரணமாக இருக்கலாம். எல்லாம் இந்த வயதின் கோளாறு என்று விட்டுவிடுவதும், எல்லாம் சோகை என்று விட்டுவிடுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. 45 வயதைத் தாண்டியவளுக்கு அறிகுறிகளைக் கேட்டே மாறுகாலத்தை அறியலாம். அதற்கெனத் தனி இரத்தப் பரிசோதனை தேவையில்லை. அதற்குக் குறைந்த வயதினருக்கு எப்.எஸ்.எச். என்ற ஹோர்மோனைப் பார்ப்பது பயன் தரும்; நாற்பதுக்கும் குறைந்தவருக்கு அது அவசியம். நின்று ஓராண்டான பின் ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். இவ்வளவும் ஒரு மாவட்ட வைத்தியசாலையின் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல.

அதற்கான வாசல் ஒன்று ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. 1996இல் சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கியது. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் இடம் அது. பிள்ளை பெறாத பெண்ணையும் பெண்ணாகப் பார்க்கத் தொடங்கிய முதல் திட்டம் என்று அதைச் சொல்லலாம். தோட்டத்துப் பெண் அங்கே போவதற்கு வேண்டியது சம்பளம் குறையாத ஒரு நாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளைக் குடும்பநல மாது நினைவூட்டுவது போல, தாய்க்கும் அந்த நாளை நினைவூட்டவேண்டும். கடைசி மாதவிடாய் எப்போது என்ற ஒரு கேள்வி, 35 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணிடமும், தமிழில், மகனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கேட்கப்படவேண்டும். பதில் அவளுடைய கிளினிக் கொப்பியில் எழுதப்படவேண்டும். அரசு நடத்தும் மக்கள்தொகை மற்றும் சுகாதார அளவீடு 15 முதல் 49 வயது வரையான, மணமான பெண்களைத்தான் கேட்கிறது. பிள்ளை பெறும் வயதோடு அங்கேயும் பெண் முடிந்துவிடுகிறாள். அந்த எல்லையைச் சற்று நீட்டினால், நெதர்லாந்துக்காரர் தம் பெண்களைப் பற்றி அறிந்ததை நாமும் நம் பெண்களைப் பற்றி அறியலாம்.

பெண்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கணக்கு வைப்பது மலையகப் பெண்ணுக்குப் புதிதன்று. நிறுவையில் கிலோவைக் குறைத்துப் போட்டால் கணக்கப்பிள்ளையோடு வாதாட, அன்றன்று பறித்த கொழுந்தைக் கொப்பியில் குறித்துவைக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். அதே கொப்பியில், அல்லது சுவரில் தொங்கும் நாட்காட்டியில், மாதவிடாய் வந்த நாள், நின்ற நாள், எத்தனை துணி மாற்றியது, எத்தனை இரவு வியர்த்தது என்று மூன்று மாதம் குறித்துக்கொண்டு போனால், வைத்தியர் தட்டிக்கழிக்க முடியாது. உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு அவர் பனடோல் எழுதலாம். மூன்று மாதக் கணக்குக்கு அவர் பதில் எழுதியாகவேண்டும். பொகவந்தலாவைத் தாய் அப்படித்தான் செய்தார். அவருடைய மகள் உயர்தரம் படித்தவள். நாட்களை அவளே எழுதிக்கொடுத்தாள். அரசாங்க வைத்தியசாலையொன்றில் ஒரு பெண் டொக்டர் அந்தத் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் படித்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கு எழுதினாராம். "அந்தம்மா தாளைப் படிச்சாங்க" என்பதைத்தான் அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மலையகத்திலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் நீலகிரிக்கும் போனவர்கள் உண்டு. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்களும் உண்டு. அவர்களில் நாற்பதை நெருங்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்க்கு முந்தி நின்றிருந்தால் மகளுக்கும் முந்தி நிற்கும் வாய்ப்பு அதிகம். எந்த நாட்டு வைத்தியரும் அந்த வயதைக் கேட்பார். பெரும்பாலான மகள்களுக்கு விடை தெரிவதில்லை, தாயிடம் கேட்டதில்லை என்பதனால். தாய் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது, அந்த நாட்களில் எப்படியிருந்தது அம்மா என்றும் கேளுங்கள். அவரிடம் அதை இதுவரை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.